கலிபோர்னியாவின் மக்கள்

ஒரு நாட்டின் மக்களைப் பற்றிப் பேசப் புகுவோர் முதற்கண் எண்களைக் கூறுதல் மரபு. அம்மரபைப் பின்பற்றி நானும் சில எண்களோடு தொடங்குகின்றேன். ஐக்கிய அமெரிக்க நாடுகளின் மேலைக் கோடியில், பசிபிக் பெருங்கடலை ஒட்டி வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் மாநிலம் கலிபோர்னியா. அதன் பரப்பு ஏறத்தாழ 4,24,000 சதுர கிலோமீட்டர். 2020ஆம் ஆண்டில் எடுத்த குடிக்கணக்கின்படி அங்கு வாழ்வோர் 3,95,38,223 பேர். அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களுள் மக்கட்பெருக்கத்தால் முதலிடம் பெற்றது அதுவே. அமெரிக்க மக்கள் எண்மருள் ஒருவர் அங்கு வாழ்கின்றார் என்று பொதுவாகச் சொல்லலாம். ஆயினும் அவர்கள் மாநிலம் முழுவதும் சமமாகப் பரவியிருக்கவில்லை. மொத்தமுள்ள 58 மாவட்டங்களுள் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டம் ஒன்றில் மட்டும் ஒரு கோடிப் பேர் நெருங்கி வாழ்கின்றனர். சியரா நெவாடா மலைத்தொடரில் அமைந்த ஆல்பைன் மாவட்டத்திலோ 1,204 பேரே உளர்.

இனி, இம்மக்கள் யாவர் என்று நோக்குவோம். அதே குடிக்கணக்கின்படி நூற்றுக்கு 39 பேருக்குச் சற்று மேற்பட்டோர் மெக்சிகோ முதலிய இலத்தீன் அமெரிக்க நாடுகளின் வழிவந்தோர். நூற்றுக்கு 35 பேர் ஐரோப்பிய வழிவந்த வெள்ளையர். நூற்றுக்கு 15 பேர் சீனர், பிலிப்பினோக்கள், இந்தியர், வியட்நாமியர், கொரியர், ஜப்பானியர் முதலிய ஆசியர். நூற்றுக்கு ஐவருக்குச் சற்று மேற்பட்டோர் கறுப்பின மக்கள். எஞ்சியோருள் பெரும்பாலோர் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைத் தமக்குரியனவாகப் பதிந்தவர்கள். நூற்றுக்கு 27 பேர் வேற்று நாட்டிற் பிறந்தவர்கள். நூற்றுக்கு 40 பேருக்கு மேற்பட்டோர் தம் வீடுகளில் ஆங்கிலமல்லாத வேறொரு மொழியைப் பேசுகின்றனர். ஓர் இனமேனும் அங்குப் பாதியளவை எட்டவில்லை என்பது கருதத்தக்கது. பெரும்பான்மை என்னும் சொல்லை எந்த இனத்தாரும் தமக்கென்று உரிமை கொண்டாட இயலாத மாநிலம் அது.

இதனைக் கண்டோர் சிலர், பல நிற மலர்களைத் தொடுத்த கதம்பம் என்று கலிபோர்னியாவைப் புகழ்வர். வளமான நிலமும் இனிய தட்பவெப்பமும் மக்களை ஈர்த்தன என்பர். பெருந்தன்மையுள்ள ஒரு நாடு தன் கதவைத் திறந்து வைத்தது என்பர். இவை முற்றும் பொய்யல்ல. முழு உண்மையும் அல்ல. அம்மாநிலத்தின் வரலாற்றை ஊன்றிப் படிப்போர்க்கு ஒரு செய்தி திரும்பத் திரும்பத் தோன்றும். சுரங்கத்திற்கோ வயலுக்கோ இருப்புப்பாதைக்கோ உழைக்கும் கைகள் தேவைப்பட்டபோதெல்லாம் ஒரு மக்கட்கூட்டம் அழைக்கப்பட்டது. அக்கூட்டம் குடும்பமாய், ஊராய், குடிமக்களாய் நிலைபெற விரும்பியபோதெல்லாம் அதனைத் தடுக்க ஒரு சட்டம் இயற்றப்பட்டது. சுருங்கக் கூறின், கை வேண்டும், ஆள் வேண்டா என்பதே நெடுங்காலம் அங்கு வழங்கிய கொள்கை. இன்று நாம் காணும் பன்மை, அக்கொள்கையை எதிர்த்து நின்றவர்கள் தேடித் தந்த பயன்.

முதலில் அந்நிலத்திற்கு உரியவர்களை நினைப்போம். ஐரோப்பியர் அங்குக் குடியேறுவதற்கு முன்னர் ஏறத்தாழ மூன்று இலட்சம் தொல்குடி மக்கள் அங்கு வாழ்ந்தனர் என்பது ஆராய்ச்சியாளர் பலரும் கொள்ளும் மதிப்பு. சூமாஷ், மிவோக், போமோ, யோகட்ஸ் எனப் பல பெயர்களையுடைய அம்மக்கள் நூற்றளவான மொழிகளைப் பேசினர். எனவே பன்மை என்பது பிற்காலத்தில் கப்பலேறி வந்த புதுப்பொருள் அன்று. அம்மண்ணின் பழைய இயல்பே அதுதான்.

1769ஆம் ஆண்டு முதல் இஸ்பானியத் துறவியர் சான் டியாகோ தொடங்கி வடக்கு நோக்கி 21 சமயக் குடியிருப்புகளை நிறுவினர். அவற்றுள் அடங்கிய தொல்குடியினர் பலர் புதிய நோய்களாலும் கட்டாய உழைப்பாலும் மாண்டனர். 1781ஆம் ஆண்டில் 44 பேர் கூடி ஒரு சிற்றூரை அமைத்தனர். இன்று உலகமறிந்த லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் தோற்றம் அதுவே. அந்த 44 பேருள் இஸ்பானியரும் இருந்தனர், தொல்குடியினரும் இருந்தனர், ஆப்பிரிக்கக் குருதி கலந்தோர் பாதிக்கு மேல் இருந்தனர். அந்நகரம் பிறக்கும்போதே பல்லின நகரமாய்ப் பிறந்தது. 1821இல் மெக்சிகோ விடுதலை பெற்றபோது கலிபோர்னியா அந்நாட்டின் பகுதியாயிற்று. 1846இல் மூண்ட போரில் மெக்சிகோ தோல்வியுற, 1848 பிப்ரவரி 2ஆம் நாள் செய்த உடன்படிக்கையால் அந்நிலம் அமெரிக்காவுக்கு உரியதாயிற்று. அங்கிருந்த மெக்சிகோ மக்கள் தம் வீட்டு வாயிலிலிருந்து ஓர் அடியும் நகரவில்லை. அவர்கள் காலடியிலிருந்த நாடு மாறிற்று. 1849இல் வகுத்த மாநில அரசியற்சட்டம், சட்டங்கள் யாவும் ஆங்கிலத்திலும் இஸ்பானிய மொழியிலும் வெளியிடப்பெறும் என்று உறுதி கூறியது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1879இல் வகுத்த புதிய அரசியற்சட்டத்தில் அவ்வுறுதி இல்லாது போயிற்று.

உடன்படிக்கை கையெழுத்தாவதற்கு ஒன்பது நாள் முன்னர், ஜனவரி 24ஆம் நாள், கொலோமா என்னும் இடத்தில் மரமறுக்கும் ஆலையின் நீரோடையில் ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் பொற்றுகள்களைக் கண்டார். அச்செய்தி பரவியதும் உலகின் நாற்றிசையிலிருந்தும் மக்கள் திரண்டனர். 1848இன் தொடக்கத்தில் தொல்குடியினர் நீங்கலாக ஏறத்தாழ 15,000 பேரே வாழ்ந்த நிலத்தில், 1860ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு 3,79,994 பேரைக் காட்டியது. 1850 செப்டம்பர் 9ஆம் நாள் கலிபோர்னியா தனி மாநிலமாயிற்று. ஆனால் இந்தப் பெருக்கத்தின் மறுபக்கம் மிகக் கொடியது. பொன் தேடி வந்தோர் தொல்குடியினரை வேட்டையாடினர். அவ்வேட்டைக்கு மாநில அரசே பொருள் அளித்தது. அநாதையென்று பெயரிட்டுத் தொல்குடிச் சிறுவரை வேலைக்குப் பிணைத்து வைத்துக்கொள்ள 1850ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடந்தந்தது. ஒன்றரை இலட்சமாக இருந்த அவர்கள் தொகை, 1870 அளவில் ஏறத்தாழ முப்பதாயிரமாகச் சுருங்கிற்று. 2019ஆம் ஆண்டில் மாநில ஆளுநர் இதற்காக மன்னிப்புக் கேட்டு, நடந்தது இனப்படுகொலையே என்று வெளிப்படையாகக் கூறினார். அம்மக்கள் அழிந்துவிடவில்லை, நடுவண் அரசின் ஏற்புப் பெற்ற நூற்றுக்கு மேற்பட்ட தொல்குடிச் சமுதாயங்கள் இன்றும் அங்கு வாழ்கின்றன.

பொன்னை நாடி வந்தோருள் தென்சீனத்து மக்களும் இருந்தனர். அயல்நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் மீது 1850 முதலே தனி வரி விதிக்கப்பட்டது. சீனர் ஒருவர் வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி சொல்ல இயலாது என்று 1854இல் மாநில உயர்நிலை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவன் தன்மேல் இழைக்கப்பட்ட குற்றத்தையும் நீதிமன்றத்தில் எடுத்துரைக்க முடியாது என்றால் அவன் நிலை யாதாகும் என்று எண்ணிப் பாருங்கள். ஆயினும் கண்டம் கடக்கும் இருப்புப்பாதையைச் சியரா நெவாடா மலைகளினூடே குடைந்து அமைக்க ஆள் கிடைக்காதபோது, இருப்புப்பாதைக் கம்பெனி சீனரையே நாடியது. பதினாயிரத்துக்கு மேற்பட்ட சீனத் தொழிலாளர் பனியிலும் பாறையிலும் உழைத்து அப்பாதையை அமைத்தனர். 1869இல் அவ்வேலை முடிந்தது. பின்னர் வேலையின்மை பெருகியபோது பழி அவர்கள்மேல் விழுந்தது. 1882இல் அமெரிக்கப் பேரவை சீனத் தொழிலாளர் நுழைவையே தடை செய்தது. அத்தடை 1943 வரை நீடித்தது.

இத்தடைக் காலத்தில் எழுந்த ஒரு வழக்கை நாம் சிறப்பாக அறிதல் வேண்டும். சீனப் பெற்றோருக்குச் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தவர் வாங் கிம் ஆர்க் என்னும் சமையல் தொழிலாளி. 1895இல் சீனத்திற்குச் சென்று திரும்பிய அவரைக் குடிமகன் அல்லர் என்று கூறித் துறைமுகத்தில் தடுத்தனர். அவர் வழக்காடினார். அமெரிக்க மண்ணிற் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவராயினும், அமெரிக்கக் குடிமகனே என்று 1898இல் தலைமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு சமையற்காரர் தொடுத்த வழக்கு, பின்னர்ப் பிறந்த பல கோடிக் குழந்தைகளின் உரிமைக்கு அரணாயிற்று. 2025ஆம் ஆண்டில் அப்பிறப்புரிமையைச் சுருக்க ஓர் ஆணை எழுந்தபோது, கீழ் நீதிமன்றங்கள் இப்பழைய தீர்ப்பைச் சுட்டியே அதனைத் தடுத்து நிறுத்தின.

சீனரை விலக்கியபின் வயல்களில் வேலை செய்ய ஜப்பானியர் வந்தனர். பாழ்நிலத்தையும் பழத்தோட்டமாக்கும் அவர்களுடைய திறமையே அவர்களுக்குப் பகையாயிற்று. குடியுரிமை பெறத் தகுதியற்ற அயலார் நிலம் வாங்கலாகாது என்று 1913இல் மாநிலம் ஒரு சட்டம் செய்தது. ஜப்பானியர் என்னும் பெயரை அச்சட்டம் குறிக்கவில்லை. குறி மட்டும் அவர்களே. அச்சட்டம் 1952இல்தான் மாநில உயர்நிலை நீதிமன்றத்தால் செல்லாததாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் பஞ்சாபிலிருந்து சீக்கிய உழவர் வந்து யூபா நகர்ப் பக்கத்திலும் இம்பீரியல் பள்ளத்தாக்கிலும் உழைத்தனர். 1912இல் ஸ்டாக்டன் நகரில் குருத்துவாரா ஒன்றை நிறுவினர். 1917ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர்க்கும் கதவை அடைத்தது. மனைவியரை வரவழைக்க இயலாத பஞ்சாபியர் பலர் மெக்சிகோப் பெண்களை மணந்தனர். 1920இல் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த தலீப் சிங் சௌந்த், கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றும், இம்பீரியல் பள்ளத்தாக்கில் வேளாண்மை செய்தே வாழ்ந்தார். 1946இல் சட்டம் மாறியபின் 1949இல் அவர் குடியுரிமை பெற்றார். 1956இல் அதே பகுதி மக்கள் அவரை அமெரிக்கப் பேரவைக்குத் தேர்ந்தெடுத்தனர். ஆசியாவிற் பிறந்து அப்பேரவையில் அமர்ந்த முதல் உறுப்பினர் அவரே.

ஆசியரைத் தடுத்தபோது வயல்களுக்கு மெக்சிகோ மக்கள் வேண்டியவராயினர். 1930ஆம் ஆண்டையொட்டிப் பொருளாதார மந்தம் வந்ததும், இலட்சக்கணக்கான மெக்சிகோ வழியினர் நாடெங்குமிருந்து இரயிலேற்றி அனுப்பப்பட்டனர்; அவருள் அமெரிக்காவிலேயே பிறந்தவர் பலர். இதற்கும் கலிபோர்னியா மாநிலம் 2005இல் சட்டத்தின் வாயிலாக மன்னிப்புக் கேட்டது. 1942இல் போர் வந்து ஆட்பஞ்சம் ஏற்பட்டதும் அதே மெக்சிகோவிலிருந்து தொழிலாளரை ஒப்பந்தத்தின்பேரில் வரவழைத்தனர். அத்திட்டத்திற்கு வழங்கிய ‘பிராசேரோ’ என்னும் இஸ்பானியச் சொல், கையைக் குறிக்கும் சொல்லின் அடியாகப் பிறந்தது. கை வேண்டும், ஆள் வேண்டா என்று நான் முன்னர்க் கூறியதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. அத்திட்டம் 1964 வரை நடைபெற்றது.

இவ்வெறுப்பு அயல்நாட்டாரோடு நின்றதென்று எண்ணற்க. வறட்சியாலும் புழுதிப்புயலாலும் நிலமிழந்து ஓக்லகோமா, டெக்சாஸ் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த ஏழை வெள்ளை உழவரையும் கலிபோர்னியா தடுத்தது. 1936இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் காவலர், மாநில எல்லைகளுக்கே சென்று அவர்களை மறித்தனர். வறியவரை மாநிலத்திற்குள் அழைத்து வருதல் குற்றம் என்று ஒரு சட்டமும் இருந்தது. டெக்சாஸிலிருந்து தன் மைத்துனனைக் காரில் அழைத்துவந்த ஒருவர்மேல் அச்சட்டத்தின்படி வழக்குத் தொடர்ந்தனர். ஒரே நாட்டின் மக்களை ஒரு மாநிலம் இவ்வாறு தடுத்தல் செல்லாது என்று 1941இல் தலைமை நீதிமன்றம் கூறிற்று.

இரண்டாம் உலகப் போர் அம்மாநிலத்தின் மக்களைப் பெரிதும் மாற்றியது. ரிச்மண்ட், ஓக்லண்டு, லாஸ் ஏஞ்சலிஸ் நகரங்களின் கப்பல் கட்டும் துறைகளும் விமானத் தொழிற்சாலைகளும் தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்களை ஈர்த்தன. 1940ஆம் ஆண்டில் ஒன்றேகால் இலட்சமாக இருந்த அவர்கள் தொகை, பத்தே ஆண்டுகளில் நாலரை இலட்சத்தைக் கடந்தது. வேலை கிடைத்தது, விரும்பிய தெருவில் வீடு கிடைக்கவில்லை. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம் பார்த்தலைத் தடுக்கும் சட்டம் 1963இல் வந்தது. மறு ஆண்டே பொதுமக்கள் வாக்கெடுப்பால் அதன் வலிமையை அழித்தனர். நீதிமன்றங்கள் தலையிட்டே அவ்வாக்கெடுப்பின் முடிவை நீக்க நேர்ந்தது. இடையில் 1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் கலகம் மூண்டு 34 உயிர்கள் மாண்டன.

அதே போர்க்காலத்தில், 1942 பிப்ரவரியில் பிறந்த ஆணையொன்றின்படி மேலைக் கரையிலிருந்த ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வழியினர் தம் வீடுகளிலிருந்து அகற்றப்பட்டு முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவருள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். குற்றம் ஏதும் அவர்கள்மேல் மெய்ப்பிக்கப்படவில்லை. 1940ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் திரட்டிய விவரங்களே, அவர்கள் எந்தெந்தப் பகுதியில் எத்தனை பேர் வாழ்ந்தனர் என்பதைப் படையினர்க்குக் காட்டின. நாட்டு நலனுக்கென எடுக்கும் கணக்கு, நாட்டு மக்களையே வளைத்துப் பிடிக்கும் வலையாகவும் கூடும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது. குடிக்கணக்குத் துறையின் தலைவர் 2000ஆம் ஆண்டில் இதற்கு வருத்தம் தெரிவித்தார். அதற்கு முன்னர், 1988இல், அரசாங்கம் மன்னிப்புக் கோரி, எஞ்சி வாழ்ந்தோர் ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் அளிக்கச் சட்டம் செய்தது.

பள்ளிக்கூடத்தோடு வாழ்நாளைக் கழித்த எனக்கு, இவ்வரலாற்றில் பள்ளிகள் வகித்த பங்கே தனிக் கவனத்திற்குரியதாய்த் தோன்றுகின்றது. ஒரு சமுதாயம் யாரைத் தன்னவராகக் கொள்கிறது என்பதை அதன் பள்ளி வாயிலிலே கண்டுகொள்ளலாம். சான் பிரான்சிஸ்கோ நகரில் மேமி டேப் என்னும் எட்டு வயதுச் சீனச் சிறுமியைச் சேர்த்துக்கொள்ள ஒரு பள்ளி மறுத்தது. அவள் பெற்றோர் வழக்குத் தொடர்ந்து 1885இல் வென்றனர். உடனே சட்டமன்றம் கூடிச் சீனச் சிறுவர்க்குத் தனிப்பள்ளி அமைக்கச் சட்டம் இயற்றிவிட்டது. 1906இல் அதே நகரில் ஜப்பானியச் சிறுவர் 93 பேரைப் பிரித்துக் கீழ்த்திசையினர் பள்ளிக்கு அனுப்ப முயன்றனர். அது இரு நாடுகளுக்கிடையே பெரும்பூசலாக வளர்ந்து, குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட்டே தலையிட நேர்ந்தது. அச்சிறுவர் பழைய பள்ளிகளுக்கே திரும்பினர்; ஜப்பானிய அரசு தன் தொழிலாளர் அமெரிக்கா செல்வதை நிறுத்திக்கொள்ள இசைந்தது. தொண்ணூற்று மூன்று சிறுவர் வகுப்பில் அமர்வதற்குக் கொடுத்த விலை அது.

ஆரஞ்சு மாவட்டத்தில் மெக்சிகோ வழிச் சிறுவர்க்குத் தனிப்பள்ளிகள் இருந்தன. வெஸ்ட்மின்ஸ்டர் என்னும் ஊரில் கொன்சாலோ மெண்டஸ் என்பவர் ஒரு தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார். அத்தோட்டம் முகாமுக்கு அனுப்பப்பட்ட ஜப்பானியக் குடும்பம் ஒன்றிற்கு உரியது. மெண்டஸின் பிள்ளைகளை அருகிலிருந்த பள்ளியிற் சேர்க்க மறுத்தபோது, அவரும் வேறு நான்கு தந்தையரும் 1945இல் வழக்குத் தொடர்ந்தனர். தோட்டத்து வருவாயே வழக்கிற்கு உதவியது. 1946இல் அவர்கள் வென்றனர். மேல் முறையீட்டிலும் 1947இல் வென்றனர். அவ்வாண்டே ஆளுநர் ஏர்ல் வாரன், இனவாரிப் பள்ளிகளுக்கு இடந்தந்த மாநிலச் சட்டத்தை நீக்கும் சட்டத்திற் கையொப்பமிட்டார். அவரே பின்னர்த் தலைமை நீதிபதியாகி, 1954இல் நாடு முழுவதும் இனவாரிப் பள்ளிகள் செல்லா என்னும் புகழ்பெற்ற தீர்ப்பை எழுதினார். ஒரு குழந்தையின் பள்ளிச் சேர்க்கைக்காகத் தொடங்கிய வழக்கு ஒரு மாநிலத்தின் சட்டத்தையே மாற்றியதைக் காண்கின்றோம்.

வாயில் திறந்தாற் போதுமா? உள்ளே நடக்கும் பாடம் விளங்க வேண்டாவா? சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் அறியாத சீன மாணவர் ஏறத்தாழ 1,800 பேர், தமக்கு விளங்காத மொழியில் பாடம் கேட்டு வெறிதே அமர்ந்திருந்தனர். எல்லார்க்கும் ஒரே புத்தகமும் ஒரே ஆசிரியரும் அளித்துவிட்டதனால் சமநீதி ஆகாது. மாணவருக்கு விளங்கும் வழியைப் பள்ளி தேடித் தரல் வேண்டும் என்று 1974இல் தலைமை நீதிமன்றம் கூறியது. பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒவ்வொருவரும் நெஞ்சிற் பதிக்க வேண்டிய தீர்ப்பு இது. எனினும் 1998இல் வாக்கெடுப்பொன்று இருமொழிக் கல்வியைப் பெரிதும் குறைத்தது. 2016இல் மற்றொரு வாக்கெடுப்பு அதனை மீட்டுத் தந்தது. மொழியைப் பற்றிய வழக்கு அங்கும் எளிதில் முடிவதில்லை.

வயல்களிலும் ஒரு மாற்றம் நேர்ந்தது. ஓர் இனத்தார் வேலைநிறுத்தம் செய்தால் மற்றோர் இனத்தாரைக் கொண்டு அறுவடையை முடித்துக்கொள்வது தோட்ட முதலாளிகளின் பழைய வழக்கம். 1965 செப்டம்பர் 8ஆம் நாள் டெலானோ என்னும் ஊரில் திராட்சைத் தோட்டத்துப் பிலிப்பினோத் தொழிலாளர், லாரி இட்லியாங் முதலியோர் தலைமையில் வேலையை நிறுத்தினர். எட்டு நாளில் சீசர் சாவெஸ், டொலோரஸ் ஹுவெர்ட்டா ஆகியோர் வழிநடத்திய மெக்சிகோத் தொழிலாளரும் அவர்களோடு சேர்ந்தனர். ஐந்தாண்டுகள் பொறுத்து நின்று 1970இல் அவர்கள் ஒப்பந்தம் பெற்றனர். பிரித்து வைத்த இரு கூட்டத்தார் ஒன்றாக நின்றமையே அவ்வெற்றியின் காரணம்.

அதே 1965ஆம் ஆண்டில், பிறந்த நாட்டை நோக்கிக் குடியேற்றத்தை அளந்த பழைய முறையை அமெரிக்கப் பேரவை மாற்றியது. அதன்பின் ஆசிய நாடுகளிலிருந்து கற்றோரும் தொழில் வல்லோரும் மிகுதியாக வந்தனர். 1975இல் வியட்நாம் போர் முடிந்தபோது அகதிகள் வந்தனர். மெண்டஸ் வழக்குப் பிறந்த அதே வெஸ்ட்மின்ஸ்டர் இன்று வியட்நாமியர் செறிந்து வாழும் நகராக விளங்குகின்றது. ஈரானியர், ஆர்மீனியர், எல் சால்வடார் நாட்டினர் எனப் பலரும் வந்து தங்கினர். நம்மவர் தொடர்பும் இவ்விடத்திற் குறிக்கத்தக்கது. 1958இல் சியாமளா கோபாலன் என்னும் தமிழ் நங்கை பத்தொன்பதாம் வயதில் பெர்க்கிலிக்குப் படிக்கச் சென்று, பின்னர்ப் புற்றுநோய் ஆராய்ச்சியாளராய் விளங்கினார். ஓக்லண்டு நகரிற் பிறந்த அவர் மகள் கமலா ஹாரிஸ் 2021 முதல் 2025 வரை அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தார். அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜார்ஜ் ஹார்ட் நெடுங்காலம் தமிழ் கற்பித்தார்.

மீண்டும் எண்களுக்கு வருவோம். குடிக்கணக்கின் இனப்பட்டியலே காலந்தோறும் மாறி வந்திருக்கின்றது. 1920 முதல் 1940 வரையிலான மூன்று கணக்குகளில் இந்தியரை, அவர் சீக்கியராயினும் முஸ்லிமாயினும், ‘ஹிந்து’ என்னும் இனமாகப் பதிந்தனர். 1970இல் அவர்களை வெள்ளையரோடு சேர்த்தனர். 1980இல்தான் ‘ஆசிய இந்தியர்’ என்னும் தனிப்பெயர் கிடைத்தது. மெக்சிகோ மக்களை 1930இல் மட்டும் தனியினமாக எழுதினர். மனிதர் மாறவில்லை, பட்டியல் மாறிற்று. முற்காலத்தில் கணக்கெடுப்போர் ஆளைப் பார்த்து இனத்தை எழுதிச் சென்றனர். பிற்காலத்தில் அவரவரே எழுதும் முறை வந்தது. 2000ஆம் ஆண்டு முதல் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்கலாம். வெள்ளையரும் பிற இனத்தாரும் மணத்தலைத் தடுத்த சட்டத்தை 1948இலேயே கலிபோர்னிய நீதிமன்றம் நீக்கியிருந்தது. அவ்வாறு மணந்தோரின் மக்களும் பேரரும் இன்று தம்மை உள்ளவாறே பதிந்துகொள்கின்றனர். அதே 2000ஆம் ஆண்டுக் கணக்கில்தான் வெள்ளையர் தொகை பாதிக்குக் கீழ் இறங்கியது தெரிந்தது. 2014ஆம் ஆண்டையொட்டி இலத்தீன் அமெரிக்க வழியினர் அவர்களைத் தொகையால் கடந்தனர்.

பெருகிக்கொண்டே வந்த மாநிலம் இப்போது ஒரு திருப்பத்திற்கு வந்துள்ளது. 1900இல் 15 இலட்சத்தை எட்டாதிருந்த தொகை 1950இல் ஒரு கோடியைக் கடந்தது. 1970இல் ஏறத்தாழ இரண்டு கோடியாயிற்று. 2000இல் 3 கோடியே 38 இலட்சமாயிற்று. அதன்பின் வளர்ச்சி தளர்ந்தது. வீட்டு வாடகையும் விலையும் தாங்காது பலர் டெக்சாஸ், அரிசோனா முதலிய மாநிலங்களுக்குப் பெயர்கின்றனர். 2020ஆம் ஆண்டுக் கணக்கின் பயனாகக் கலிபோர்னியா தன் வரலாற்றில் முதன்முறையாக அமெரிக்கப் பேரவையில் ஓர் இடத்தை இழந்தது. 53 இடங்கள் 52 ஆயின. பழைய சிக்கலும் தீர்ந்தபாடில்லை. உரிய ஆவணமின்றி அங்கு வாழ்வோர் ஏறத்தாழ இருபது இலட்சம் பேர் என்பது ஆய்வாளர் மதிப்பு. வயல்களில் உழைப்போருள் ஏறத்தாழ பாதிப்பேர் அத்தகையோரே. அவர்கள் பறித்துத் தரும் கனி சந்தைக்கு வருகின்றது. அவர்களோ எந்நேரமும் வெளியேற்றப்படலாம் என்னும் அச்சத்தோடு வாழ்கின்றனர். கையைக் கொண்டு ஆளைத் தள்ளும் பழைய கொள்கை முற்றும் மாறவில்லை என்பதற்கு இது சான்று.

ஆகவே, நேயர்களே, கலிபோர்னியாவின் பன்மையைக் கேட்டு வியப்பதோடு நாம் நின்றுவிடலாகாது. நான் தொடக்கத்தில் கூறிய ஒவ்வொரு விழுக்காட்டின் பின்னும் துறைமுகத்தில் தடுக்கப்பட்ட ஒருவரும், நிலம் வாங்க இயலாத ஒருவரும், பள்ளி வாயிலில் நின்ற ஒரு குழந்தையும் உளர். அவர்களுக்கு இடங்கொடுத்தவை அரசினரின் அருள் மட்டுமல்ல. சமையற்காரரும் தோட்டக்காரரும் கூலித் தொழிலாளரும் சோர்வின்றி நடத்திய வழக்குகளும் வேலைநிறுத்தங்களுமே பெரும்பாலும் அக்கதவுகளைத் திறந்தன. எந்த நாட்டின் குடிக்கணக்கைப் படித்தாலும், அங்கு எத்தனை இனத்தார் உளர் என்று அறிந்தபின், அவர்களுள் உழைக்க மட்டும் அழைக்கப்பட்டவர் யார், உரிமையோடு வாழ இடம் பெற்றவர் யார் என்றும் கேட்டறிதல் நலம். அக்கேள்விக்கு விடை காணும்போதே அந்த எண்கள் நமக்குப் பொருள் தரும்.